தேர்வுக்கு ஒரு முகம்

முடிதிருத்தும் பயிற்சிப் பள்ளியில் கடைசித் தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். அந்த ஆளின் தலையிலோ முகத்திலோதான் தேர்வு. சிட்டு தன் தோழியின் அண்ணனிடம் ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தாள். தேர்வு நாள் காலை பார்த்து அவன் போனை எடுக்கவில்லை.

அவளை இறக்கிவிட வந்த அப்பா இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். முதல் டிரிப்பை முடித்துவிட்டு யூனிஃபார்மோடு வந்திருந்தார். ஆள் இல்லையென்றால் தேர்வு இல்லை, அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான் என்று சிட்டு சொன்னாள். என்னைப் பார்த்தால் ஆளாகத் தெரியவில்லையா என்று கேட்டபடியே அவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

என்ன செய்து காட்ட வேண்டும் என்பது சீட்டில் வரும். தேர்வாளர் அம்மா நீட்டிய டப்பாவுக்குள் கையை விட்டுச் சிட்டு ஒன்றை எடுத்தாள். முழுச் சவரம், மீசை உட்பட.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மீசை அவள் பிறப்பதற்கு முன்பே இருந்தது. டிப்போவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மீசைக்காரர்தான். சீட்டை மாற்றித்தர முடியுமா என்று தேர்வாளர் அம்மாவிடம் கேட்டாள். முடியாது என்று அவர் தலையசைத்தார்.

"மீசைதானேம்மா, முளைச்சுடும். நீ ஆறு மாசம் வீட்ல சும்மா உக்காந்தா வீடு தாங்காது," என்றார் அப்பா.

வெந்நீர்த் துண்டால் முகத்தை ஊறவைத்தாள். மீசையைக் கத்தரியால் ஒட்ட வெட்டினாள். நுரை பூசி, கத்தியில் புது பிளேடு மாட்டி, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தாள். கன்னம் முடிந்து கழுத்துக்கு வந்தபோது குரல்வளை ஏறி இறங்கியது. அவள் கை நின்றுவிட்டது.

"அப்பா, எச்சில் முழுங்காதீங்க."

"முதல்ல நீ மூச்சு விடு."

அதற்குப் பிறகுதான் கை சொன்னபடி கேட்டது. மேலுதட்டுக்கு வரும்போது மெல்லிய குறட்டை கேட்டது. வேறு யாராவது ஓட்டுகிற வண்டியில் கண்ணைக்கூட மூடாத மனுஷன், மகளின் கத்திக்குக் கீழே தூங்கிப்போயிருந்தார். தேர்வாளர் அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு, எழுப்பாதே என்று சைகை காட்டிவிட்டு நகர்ந்தார்.

காதோரம் நுரையைத் துடைக்க மறந்ததற்கு இரண்டு மதிப்பெண் போனது. ஆனாலும் பாஸ்.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா, யார் வேண்டும் என்று கேட்டாள். பின்னால் நின்ற மகளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா வெட்கத்தில் கையால் வாயை மறைத்தார். அம்மா அந்தக் கையை விலக்கிவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"இங்க ஒரு மச்சமா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் சொல்லவே இல்லையே நீங்க."

தனக்கே மறந்துபோய்விட்டது என்றார் அவர்.

திரும்ப மீசை வளர்க்கத்தான் நினைத்தார். அம்மா விடவில்லை. சிட்டு இப்போது ஒரு சலூனில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அப்பாவை உட்காரவைத்துச் சவரம் செய்துவிடுகிறாள். பாதியிலேயே அவர் தூங்கிவிடுகிறார்.