பூசையில் வைத்த சாவி

“எழுது பிள்ள. ‘சாவிய வெளிய குடுத்தது நான்தான்’னு எழுதி கையெழுத்து போடு. தோட்டத்துத் தொரைக்கு அனுப்பணும்.”

ஹட்டன் கடைத்தெருவில், துணிக்கடைக்கு மேல்மாடி. கஜேந்திரன் முதலாளி தாளைத் தள்ளினார். கௌசி தொடவில்லை. தோட்டங்களில் தினமும் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்ற பெரட்டுப் பதிவைச் சேர்வரில் ஏற்றும் மென்பொருள் அவள் எழுதியது. நேற்று யாரோ சேர்வரைத் திறக்கும் நாற்பது எழுத்து இரகசியச் சாவியோடு உள்ளே புகுந்து, வட்டகொடைத் தோட்டமொன்றில் நாற்பத்தாறு பேரை ‘வரவில்லை’ என்று மாற்றியிருந்தார்கள்.

“அந்த நாப்பத்தாறுல எங்கம்மாவும் ஒருத்தி, முதலாளி.”

“அதான் கெட்டிக்காரத்தனம். சந்தேகம் வராதுல்ல.”

“சாவிய நான் ப்ரோக்ராமுக்குள்ள எழுதல. சேர்வருல தனியா பூட்டி வச்சிருக்கேன்.”

“அப்ப தெரிஞ்சவ நீ ஒருத்திதான்.”

“நீங்களும்தான். ‘முதலாளிக்கே தெரியாத சாவியா’ன்னு சண்டை போட்டு வாங்கினீங்களே.”

“தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவள நாற்காலியில உக்கார வச்சேன் பாரு. நீ எழுதிக் குடுத்த சாவி பீரோவுல இருக்கு.”

“வெளிய எடுக்கவே இல்லையா?”

“ஆயுத பூசைக்கு எடுத்தேன். கீழ கடையில கத்திரிக்கோல் வைக்கிறோம், தோட்டத்துல கவ்வாத்துக் கத்தி வைக்கிறாங்க. இந்தத் தொழிலுக்கு எத வைக்கிறது? பெரிசா அச்சடிச்சு, சந்தனம் தடவி சாமி முன்னால வச்சேன். அதுல என்ன?”

“நான் அன்னைக்கு ஊருல இருந்தேன். போட்டோ எடுத்தீங்களா?”

“எடுக்காம? பேஸ்புக்குல முந்நூறு பேரு லைக் போட்டிருக்காங்க.”

அவள் போனில் படத்தைத் தேடி, விரலால் பெரிதாக்கி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். சாவியின் நாற்பது எழுத்தும் ஒன்றுவிடாமல் தெரிந்தன. சந்தனம் ஓரத்தில்தான் இருந்தது.

“அழிச்சிடு.”

“அழிச்சு என்ன செய்ய? பார்த்தவன் எழுதி வச்சிருப்பான். சாவியத்தான் மாத்தணும்.”

உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் பழைய சாவி செல்லாமல் போனது. நாற்பத்தாறு பேரும் பதிவுக்குத் திரும்பினார்கள்.

“புதுச் சாவிய இதுல எழுது.”

“எனக்கே தெரியாது. சேர்வரே உண்டாக்கி, சேர்வரே வச்சிக்கிது.”

“என் சேர்வரு.”

“உங்களதுதான். உள்ள போற வழியெல்லாம் உங்க பேருக்கு மாத்திட்டேன். என் பேர எடுத்தாச்சு.”

“ஏன்?”

“அடுத்த தடவ என்னக் கூப்பிட்டு ‘நான்தான் குடுத்தேன்’னு எழுதச் சொல்ல முடியாது பாருங்க.”

தாளை அவர் பக்கம் திருப்பி, மேலே பேனாவை வைத்தாள்.

“நீங்க எழுதுங்க.”

“கந்தோர் வேலையில நடந்த தவறுன்னு பொதுவா போடலாம்.”

“என் பேர போடச் சொன்னப்ப அது தோணலியே.”

அவர் பேனாவைப் பிடுங்குவதுபோல் எடுத்தார்.

“நாளையிலேர்ந்து நீ வர வேணாம்.”

“சரி. எழுதி முடிங்க, முதலாளி. தொரைக்கிட்ட நானே குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்.”