மந்திரக்காரியின் பை நிறைய மருந்து

1

இது நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. செயற்கைப் பல் செய்கிற ஒரு லேபின் வரவேற்பறையில் ஓசியில் கிடைத்தது. யாரோ மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போயிருந்தேன். லேப் முதலாளியின் மனைவி என்னை உட்காரவைத்து, ரகசியம் போலச் சொன்னார்:

"எங்க ஆளு ஒருத்தர் இருக்காரு. மதியம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காம, பல் டிசைன் பண்ற கம்ப்யூட்டர்ல ஏதோ பழங்காலத்து கேம் ஆடுறாரு. கட்டம் கட்டமா பொம்மை. பார்க்கவே சகிக்கல. ஆனா அவரு முகத்தைப் பார்க்கணுமே, பரீட்சை எழுதற மாதிரி."

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறேன். எது என்று போகப் போகத் தெரியும்.

2

முதல் வரி படியவில்லை. எழுதிப் பார்த்தவை இவை:

[இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு ஃபிளாப்பி கண்விழித்தது.] செய்தித்தாள் வாடை.

[பொறாமை என்பது] வேண்டாம். 'என்பது' என்று தொடங்கினால் நான் உபதேசத்தில் இறங்கிவிடுவேன்.

[பக்கத்து அறையில் மனைவி சிரித்தபோது அவன் ஒரே சட்டையை மூன்றாவது முறை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.] இது இருக்கட்டும்.

அவன் பல் செய்கிறவன். விழுந்த பல்லுக்கு ஜோடிப் பல் செய்து, எது அசல் எது போலி என்று பல்லுக்குச் சொந்தக்காரரே குழம்பும்படி பொருத்துவான். கைசுத்தம். வாய் மட்டும் அவ்வளவாகத் திறக்காது. அவனை 'அவன்' என்று எழுதுவதில் எனக்கு ஒரு தனி சுகம்.*

\* நேரில் அப்படிச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் இருக்க முடியாது.

சிரிப்புக்குக் காரணம் அவளுடைய அத்தை மகன். முறைப்பையன். கட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வேறு ஊரில் இருக்கிறான். வீட்டை ஒழித்தபோது, பள்ளிக்கூட நாட்களில் இருவரும் சேர்ந்து ஆடிய ஒரு கேமின் ஃபிளாப்பி கிடைத்தது என்று அனுப்பிவைத்தான். ஒரு கடைக்காரர் எப்படியோ அதைப் படித்துக் கொடுத்தார். படித்துக் கொடுத்ததோடு அது செத்தும் போனது. உள்ளே சேவ் செய்து வைத்திருந்த ஆட்டம் மட்டும் பிழைத்தது. அதில் ஒரு மந்திரக்காரியும் ஒரு திருடனும், மலையடியில் ஓர் இரும்புக் கதவுக்கு முன்னால், விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். மந்திரக்காரி அவள். திருடன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு காலை ஆனால் வீடியோ போன் வந்துவிடும். கம்ப்யூட்டர் திரையை அவனுக்குக் காட்டிக்கொண்டே அவள் ஆடுவாள்.

"அந்தக் கதவை இன்னொரு தடவை முட்டிப் பாரு."

"முட்டினா என் மண்டைதான் உடையும். அப்பவும் இதையேதான் சொன்ன. நீ திருந்தவே மாட்டியா?"

இஸ்திரிப் பெட்டியோடு நின்றவனுக்குச் சுருக்கென்றது அந்த 'நீ'தான். அவனை அவள் கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதைதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த மரியாதை விடுகிற இடைவெளியில் ஒரு நாற்காலியே போடலாம்.

இன்னொன்றையும் அவன் கவனித்திருந்தான். வாரங்கள் போகின்றன, கதவு திறப்பதாகக் காணோம். கேம் நகரவில்லை, பேச்சுத்தான் நகர்கிறது. போகிற வழியில் ஒருநாள் எட்டிப் பார்த்தான். திரையின் ஓரத்தில் ஆட்களுக்கு நான்கு கட்டங்கள். இரண்டில் ஆள், இரண்டு காலி.

"அந்த ரெண்டு இடம் ஏன் சும்மா கிடக்கு?"

"அதுவா? கேம்ல வர்ற விடுதிக்குப் போனா ஆள் சேர்த்துக்கலாம். அப்போ இவன் வேணாம்னுட்டான். மூணாவது ஆள் எதுக்குன்னு கேட்டான்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் போய் நான்காவது முறை இஸ்திரி போட்டான்.

3

மனைவிக்கு என்ன வேலை கொடுப்பது? [அவள் ஒரு வங்கியில்] இல்லை. [கணக்கு டீச்சரான அவள்] அதுவும் இல்லை. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறவளுக்குப் பக்கத்து அறையில் ஒருவன் சட்டையைத் தேய்த்தே கிழிக்கிறான் என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் சிரித்தாளா? கொஞ்சம் தெரிந்துதான் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு இப்போதைக்கு வேலை வேண்டாம்.

4

இனி வருவது ஊகம். யாரும் பார்க்கவில்லை.

அவள் வெளியே போயிருந்த ஒரு மாலையில், சும்மா பார்க்கலாம் என்று அவன் அந்த கேமைத் திறந்தான். கதவருகே இருந்த இருவரையும் காட்டுக்குள் நடத்திப் போனான். ஓநாய்கள் வந்தன. ஓடு என்ற கட்டளையை மந்திரக்காரிக்கு மட்டும் கொடுத்தான். திருடனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. திருடன் விழுந்தான். பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மனசு அப்படியே குளிர்ந்துபோனது. இதை நான் மழுப்பப் போவதில்லை, குளிரத்தான் செய்தது.

அப்புறம் விரல் தானாகப் போய் சேவ் செய்தது.

அது விரலின் குற்றம். லேபில் பல் டிசைன் செய்கிற மென்பொருள் நினைத்தால் நின்றுவிடும். கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளம் முழுவதும் செதுக்கி முடித்த நேரத்தில் எல்லாம் போய்விடும். அதனால் ஒரு கோடு இழுத்தால் ஒரு சேவ் என்று முதலாளி அவர்களைப் பழக்கியிருந்தார். அந்தப் பழைய கேமிலோ சேவ் வைக்க ஒரே ஓர் இடம்தான். பள்ளிக்கூட நாட்களில் இருந்து கதவருகே நின்ற இருவரும் அழிந்துபோய், அந்த இடத்தில் ஒரு பிணமும் ஓடிக்கொண்டிருந்த ஒருத்தியும் இருந்தார்கள்.

அவன் காலண்டரில் ஞாயிறுகளை எண்ணினான். அடுத்த இரண்டு ஞாயிறுகளில் அத்தை மகன் வெளிநாட்டுப் பயணம் என்பதால் போன் வராது. அந்த அவகாசம் மட்டும்தான் அவனுக்கு இருந்தது.

சொல்லிவிட்டிருக்கலாம். சொல்கிற ஆளா அவன்? தெரிந்த தொழிலைச் செய்தான். விழுந்த பல்லுக்கு ஜோடிப் பல். கேமை லேபுக்குக் கொண்டுபோய், மதிய நேரங்களில், முதல் கிராமத்திலிருந்து தொடங்கி அதே மந்திரக்காரியையும் அதே திருடனையும் நடத்தி, அதே இரும்புக் கதவு வரை கொண்டுவந்தான். தங்கக் காசுகூட ஏறக்குறைய அதே அளவு. கொண்டுவந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பொருத்திவிட்டு, நல்ல பிள்ளையாக டீ குடித்தான்.

5

முதலாளியின் மனைவி சொன்னதாக முதலில் எழுதியதைத் திருத்துகிறேன். அவர் 'எங்க ஆளு ஒருத்தர்' என்று சொல்லவில்லை. 'உங்க வீட்டுக்காரர்' என்றார்.

கண்ணாடியை மறந்துவிட்டுப் போனது என் கணவர். கதை எழுதுவது என் வேலை. அத்தை மகன் என்னுடையவன்.

லேபிலிருந்து திரும்பியதும் கேமைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் மந்திரக்காரி ஒருநாளும் இவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை. அப்போதெல்லாம் எதிரியைக் கண்டால் அவளை முன்னால் தள்ளிவிட்டு அத்தை மகனின் திருடன் பின்னால் நிற்பான். கிடைக்கிற மருந்தையெல்லாம் அவனே குடிப்பான். பாதி உயிரோடுதான் நாங்கள் கதவு வரை வந்தோம். இப்போது திருடன் முன்னால் நிற்கிறான். உடம்பெல்லாம் அடி. மந்திரக்காரி பின்னால், ஒரு கீறல் இல்லாமல். அவள் பை நிறைய மருந்து. வேறு எதையும் வைக்க இடமில்லாத அளவுக்கு மருந்து.

"அசலைவிட அழகா இருந்தா அது போலின்னு வெச்சுக்கோ" என்று எங்கள் வீட்டுப் பல் நிபுணரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

கோபம் வந்ததா? வந்தது. ஆனால் அழிந்ததற்காக வரவில்லை. நான் ஒருத்தி இங்கே உயிரோடு சமையலறையில் நின்றுகொண்டிருக்க, கட்டம் கட்டமான அந்தப் பொம்மைக்கு இவ்வளவு மருந்தா? இவரும் அவளுமாய் ஏரியைத் தாண்டியிருக்கிறார்கள், மூன்று ஊர் பார்த்திருக்கிறார்கள், குகைக்குள் ராத்தங்கியிருக்கிறார்கள், எல்லாம் அவளோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கதையில் பொறாமைக்காரன் ஒருவன்தான் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது என் எழுத்தின் பிழை.

போதாததற்கு, நான் லேபிலிருந்து கிளம்பும்போது முதலாளியின் மனைவி இதையும் சொன்னார்: "ஏதோ இரும்புக் கதவாம். முன்னாடி மூணு கல்லு இருக்காம். மூணு பேர் ஒரே நேரத்துல ஏறி நின்னாத்தான் திறக்குமாம். ரெண்டு பேரா ஆயுசுக்கும் முட்டினாலும் திறக்காதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

சிரித்தாராம். அவரிடம் போய்ச் சிரித்தாராம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

6

இன்று சனிக்கிழமை. நாளை காலை போன் வரும். அத்தை மகன் தன் திருடன் முன்னால் நிற்பதைப் பார்த்தால் ஒரே நொடியில் கேட்டுவிடுவான்.

முடிவு அ: அதற்கு முன் கணவர் வந்து உண்மையைச் சொல்கிறார். [அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு] இல்லை. இவ்வளவு வருடத்தில் நான் பார்க்காத கனைப்பு.

முடிவு ஆ: அவர் சொல்லவில்லை. அத்தை மகன் கேட்கிறான். நான் 'நான்தான் மாத்தினேன்' என்று பழியை ஏற்றுக்கொள்கிறேன். பார்க்கப் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் அந்த நாற்காலி எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே கிடக்கும்.

இரண்டையும் எழுதப் போவதில்லை. வாசகரிடமே விடுகிறேன். வாசகர் என்று பொதுவாகச் சொன்னாலும் என் கணக்கில் இருப்பது ஒருவர்தான். என் வரைவுகளை யாரோ ரகசியமாகப் படிக்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஓர் எழுத்துகூட மாறியிருக்காது, ஆனால் நான் தொடாத நேரத்தில் சேவ் ஆகியிருக்கும்.

இந்தப் பக்கத்தை மூடாமல், அதே கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகிறேன். மெதுவாகத்தான் எடுப்பேன். திரையின் பக்கத்து ஜன்னலில் கேமும் திறந்திருக்கிறது. விடுதிக்குப் போய் மூன்றாவது ஆளைச் சேர்த்திருக்கிறேன். மருந்தில் பாதியை அவன் பையில் மாற்றியாயிற்று. அவனுக்குப் பெயர் கேட்டு கேம் நிற்கிறது. அதை மட்டும் நான் போடவில்லை.

நீயே போடு. சேவ் பண்ணு என்று சொல்ல வேண்டியதில்லை, உன் விரலுக்கே தெரியும்.