தரை தொடாத பூட்ஸ்

“அம்மா, நடக்கறது காலா, ஷூவா?” என்று ஓவியா ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு நாலு வயது; பிறந்ததிலிருந்து ஓர் அடிகூட எடுத்துவைக்காத குழந்தை. அன்று காலை, டெக்ஸஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில், மாடி அபார்ட்மென்ட் ஒன்றில், படுக்கையிலிருந்து இன்னும் யாரும் தூக்காத அவளுடைய இரண்டு உள்ளங்கால்களிலும் செம்மண் ஒட்டியிருந்தது. அவள் அம்மா புஷ்பவல்லி அதை ஈரத்துணியால் துடைத்தாள். துணியை அலசியபோது சிங்க்கில் தண்ணீர் காவி நிறத்தில் இறங்கியது. அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு மண் கிடையாது. அங்கே இருப்பது வெளுத்த சுண்ணாம்புக் கல்லும், மழை பெய்தால் காலை விடாத கறுப்புக் களிமண்ணும்தான். கேள்விக்குப் பதில் தெரியாததால், “தோசை ஆறுது, வாயத் தொற” என்று சொல்லிவிட்டு, புஷ்பவல்லி துணியைப் பால்கனியில் காயப்போட்டாள்.

மண் எந்த ஊருடையது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. முந்தைய வருஷக் கடைசியில், அதாவது தொண்ணூற்றைந்தில், அவள் கணவன் வெள்ளியங்கிரியைக் கம்பெனி வேலையாகச் சில வாரங்களுக்குப் பிரேசிலுக்கு அனுப்பியிருந்தார்கள். கிரீன் கார்டு பாதியில் நிற்கும்போது நாட்டைவிட்டு வெளியே போகாதே என்று ஆபீஸ் நண்பன் சேனாபதி பயமுறுத்தினான். குழந்தையைத் தூக்கி இறக்க ஆள் இல்லாமல் தனியாக இருக்க முடியாது என்று புஷ்பவல்லியும் கூடக் கிளம்பினாள். கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் ஓவியாவுக்குப் புதுப் பூட்ஸ் வந்திருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்து, இரண்டு பாதங்களையும் மாவுக்கட்டில் அச்செடுத்து, கணுக்கால் சாயாமல் இறுக்கிப் பிடிக்கும்படி செய்த வெள்ளைத் தோல் பூட்ஸ். அதைப் போட்டால் நடந்துவிடுவாளா என்று புஷ்பவல்லி கேட்டாள். டாக்டர் நல்ல மனிதர்; பொய் சொல்ல மனமில்லாமல், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை டிரைவர் ஜெரால்டோ அவர்களை மோரோ தாஸ் வேலாஸ் என்னும் சின்ன மலையூருக்கு அழைத்துப்போனான். பழைய காலத்தில் அங்கே தங்கம் கிடைத்தது. தங்கம் தீர்ந்ததும் தோண்ட வந்தவர்கள் போய்விட்டார்கள். சரிவும் வீடுகளும் ஒரு தேவாலயமும் மிஞ்சின. வெள்ளையடித்த சுவர்கள், நீலமும் மஞ்சளுமான ஜன்னல்கள், நடந்து நடந்து வழவழத்த கற்கள் பதித்த தெரு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே செம்மண். தெரு அவ்வளவு செங்குத்து. மேல்வீட்டுக் கோழி கீழ்வீட்டுக் கூரையில் சாதாரணமாக மேய்ந்துகொண்டிருந்தது. கார் அடிவாரத்தோடு சரி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெள்ளியங்கிரி கொஞ்ச தூரம் ஏறியதுமே மூச்சு வாங்கினான்.

“பேரு மட்டும் மலை பேரு” என்றாள் புஷ்பவல்லி.

“பேரு வெச்சவரு அடிவாரத்துலயே கும்பிட்டுட்டுத் திரும்பினவருதான்” என்றான் அவன், தன் அப்பாவைப் பற்றி.

அந்த ஊரில் வெறுங்கையோடு யாரும் மேடு ஏறுவதில்லை. முன்னால் ஒருவர் சுமையோடு போனால், பின்னால் வருகிறவர் அதை வாங்கித் தன் வீட்டு வாசல்வரை சுமப்பார், அங்கிருந்து அடுத்தவர். கேஸ் சிலிண்டரும், கோதுமை மாவு மூட்டையும், எழுந்து நடமாட முடியாதவர்களும் அப்படித்தான் மேலே போனார்கள். இதை அங்கே உதவி என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. நன்றி சொன்னால் எதற்கு என்று விழிப்பார்கள். தபால்காரப் பெண் ஒருத்தி ஒன்றும் கேட்காமல் ஓவியாவை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு திருப்பத்தில் ரொட்டிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அவர் தன் வாசலில் நின்று, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான உருண்டை ஒன்றை அவள் கையில் திணித்து, எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அந்நியர் தொட்டால் அழுகிற குழந்தை அன்று இடுப்பு மாறி இடுப்பு மாறிச் சிரித்துக்கொண்டே தேவாலயம் போய்ச் சேர்ந்தது. பின்னால் கையை வீசிக்கொண்டு நடந்த புஷ்பவல்லிக்குத்தான் கண் கலங்கியது. அவள் பெண்ணைப் பாரம் என்று முகத்தில் காட்டாமல் வெளியாள் ஒருவர் தூக்கி அதுவரை அவள் பார்த்ததில்லை.

தேவாலயத்துப் படியில் அவள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே எல்லோரும் செருப்போடு நிற்பது தெரிந்தது. தெரிந்தும் மனம் வரவில்லை. வெள்ளியங்கிரியையும் கழற்றச் சொன்னாள். குழந்தையின் பூட்ஸிலும் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“அதெதுக்கு? அது தரையே தொடாத பூட்ஸு.”

“சாமி முன்னால தொட்டதென்னங்க, தொடாததென்ன.”

உள்ளே பக்கத்து அறையில், உத்தரத்திலிருந்து மெழுகுக் கால்களும் கைகளும் வரிசையாகத் தொங்கின. குணமானவர்கள் கொண்டுவந்து கட்டியது என்று ஜெரால்டோ விளக்கினான். புஷ்பவல்லிக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. உடுமலைப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரிலும் வேண்டுதல் பலித்தவர்கள் கோயிலில் மண்ணால் செய்த உருவாரம் வைப்பார்கள். இது கால்களைப் பற்றித் தெரிந்த இடம் என்று அவளுக்குப் பட்டது. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதையும் வாய்விட்டுக் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வெளியே வந்தபோது பெரியவர்களின் செருப்புகள் இருந்தன. பூட்ஸ் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு சின்ன ஜோடி ரப்பர் செருப்பு, குதிகால் பக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது, ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அறுந்த வாருக்கு அடியில் ஊக்கு குத்தியிருந்தார்கள்.

“திருட்டுப் போயிருச்சு” என்றான் வெள்ளியங்கிரி. “இன்ஷூரன்ஸ் வருஷத்துக்கு ஒரு ஜோடிதான் கவர் பண்ணும், தெரியுமா உனக்கு?”

“திருடற புள்ள தன் செருப்ப விட்டுட்டுப் போகுமாங்க?”

“இருக்கறதே ரெண்டு தெரு. ஜெரால்டோவ விட்டு விசாரிச்சா அரை மணியில கண்டுபிடிச்சரலாம்.”

“கண்டுபிடிச்சு? கால்ல இருந்து கழட்டுவீங்களா?”

அவன் குனிந்து தன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

“நம்ம புள்ள கால்ல அது சும்மாதானுங்க இருந்துச்சு. நடக்கற காலுக்குப் போயிருக்குது. உடுங்க” என்றாள் புஷ்பவல்லி. விமானத்தில் திரும்பும்போது வெள்ளியங்கிரி அவளிடம் ஹூஸ்டன்வரை பேசவில்லை.

செம்மண் வந்தது அதற்கடுத்த மாதங்களில்தான். பிரேசிலில் பொழுது ரவுண்ட் ராக்கைவிட முன்னதாக விடியும். அதனால் இங்கே இருட்டு பிரிவதற்குள் ஓவியாவின் கால்கள் போர்வைக்குள் மெல்ல அசையத் தொடங்கும். அங்கே ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்கு மேட்டிலிருந்து இறங்குகிறாள் என்று அர்த்தம். இங்கே காலை ஆகாரம் முடிந்த நேரத்துக்குத் திரும்பவும் அசையும், இந்தமுறை நிதானமாக, கெண்டைக்கால் இறுகி இறுகி. அவள் வீட்டுக்கு ஏறுகிறாள். அங்கே மழை என்றால் விரலிடுக்கில் சேறு இருக்கும். தீ மூட்டி அங்கே கொண்டாடும் ஜூன் மாதத் திருவிழாவின்போது பாதத்தில் விறகுப்புகை வாசனை வந்தது. வேறொரு காலுக்கு அளவெடுத்த பூட்ஸ் அந்தப் பெண்ணைக் கடித்திருக்க வேண்டும். ஓவியாவின் குதிகாலில் கொப்புளம் வந்தது. புஷ்பவல்லி மருந்து தடவும்போது, இதில் பாதியாவது அங்கே போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டே தடவினாள். பிசியோதெரபிப் பெண்மணி சொல்லிக்கொடுத்தபடி முழங்காலை மடக்குவதும், நீட்டுவதும், பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, “தள்ளு, அம்மா கையத் தள்ளு” என்று கெஞ்சுவதுமாகக் காலையும் மாலையும் செய்துகொண்டிருந்த பயிற்சியையும் அவள் விடவில்லை. காலில் சதை பிடிக்கிறது, செய்வதைத் தொடர்ந்து செய்யுங்கள் என்றாள் அந்தப் பெண்மணி.

விஷயம் அபார்ட்மென்ட்டில் பரவியது. கீழ்வீட்டு ஜலஜா ஆன்ட்டி ரசப்பொடி கொடுக்க வந்து, கார்ப்பெட்டைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“என்ன புஷ்பா, ஒரே செவப்பா கிடக்கு? மேனேஜ்மென்ட்ல பார்த்தா டெபாசிட்ட மறந்துட வேண்டியதுதான்.”

“ஓவியா கால் மண்ணுங்க ஆன்ட்டி.”

“அவதான் நடக்கவே இல்லையே.”

“அவ நடக்கலீங்க. அங்க ஒரு புள்ள நடக்குது.”

ஜலஜா ஆன்ட்டி கொஞ்சம் யோசித்தாள். “அப்படின்னா வினிகர் போட்டுத் தேச்சுப் பாரு. போயிடும்” என்றாள். போய்விட்டது.

சேனாபதியின் குறை வேறு. “உம் பொண்ணு பாஸ்போர்ட் இல்லாம டெய்லி பிரேசில் போயிட்டு வர்றாளாமே? நமக்கு இங்க விசா ஸ்டாம்பிங்குக்கே வழியக் காணோம்” என்று வெள்ளியங்கிரியிடம் சொல்லி ஏங்கினான்.

தொண்ணூற்றேழு கோடையில் ஒரு பகல், அபார்ட்மென்ட்டின் பொதுத் துணி துவைக்கும் அறையில், புஷ்பவல்லி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்த ஓவியா இறங்கினாள். இறங்கி, உடம்பை முன்னால் சாய்த்து, செங்குத்தான மேட்டில் ஏறுகிறவளைப்போல முழங்காலை அழுத்தி, சமதரையில் வாசல்வரை நடந்தாள். புஷ்பவல்லிக்குக் கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிட்டால் விழுந்துவிடுவாளோ என்று.

“எங்க கண்ணு போற?” என்றாள், காதில் விழாத குரலில்.

“மேல” என்றாள் ஓவியா.

வெள்ளியங்கிரி ஆபீஸிலிருந்து வந்து, சோபாவிலிருந்து ஃபிரிட்ஜ்வரை தன் பெண் ஏறுவதைப் பார்த்தான். டையைக்கூட அவிழ்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். “அன்னிக்கு நான் அந்தப் பூட்ஸத் தேடிப் போயிருந்தேன்னா,” என்று ஆரம்பித்தான். புஷ்பவல்லி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாக்கியத்தை அவன் அதற்குப் பிறகும் முடிக்கவில்லை. மறுநாளிலிருந்து சாமி படத்துக்கு முன்னால் நிற்கும்போது தெற்குப் பக்கம் திரும்பியும் ஒருமுறை கும்பிட்டான்.

ஓவியா பள்ளிக்கூடம் போனாள். போகும்போது பின்னால் சாய்ந்தும், வரும்போது முன்னால் சாய்ந்தும் நடந்தாள். டெக்ஸஸ் தட்டையாக இருப்பதை அவள் கால்கள் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகள் கொஞ்ச நாள் கேலி செய்தார்கள், பிறகு சிலர் அவளைப் பார்த்து அப்படியே நடக்கப் பழகினார்கள். குழந்தைகளின் கால் வளரும், பூட்ஸ் வளராது. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பூட்ஸ் கைமாறியது. அது ஓவியாவுக்கு உடனே தெரிந்துவிடும். “மா, இன்னிக்கு நியூ கேர்ள். ஸ்கிப் பண்ணிட்டே போறா” என்பாள். இன்னொரு வருஷம், “இது பாய்னு நினைக்கறேன். கல்ல எல்லாம் கிக் பண்றான்” என்றாள். யாரோ அதற்குப் புதிதாக அடித்தோல் தைத்துக் கொடுத்த வாரத்தில், கால் கனமாக இருக்கிறது என்றாள். அவளுடைய சொந்தக் கால்கள் இரண்டும் இதற்குள் யாருடைய தயவும் இல்லாமல் ஓடக் கற்றுக்கொண்டிருந்தன. பயிற்சியை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. கிரீன் கார்டு வந்தது, சொந்த வீடு வாங்கினார்கள். புஷ்பவல்லி தினமும் காலையில் பெண்ணின் பாதங்களைத் துடைப்பது மட்டும் நிற்கவில்லை. பல் தேய்ப்பதுபோல அதுவும் அந்த வீட்டில் ஒரு வேலை.

இரண்டாயிரத்து ஒன்றில், வசந்தம் தொடங்கும்போது, ஒரு காலை அவள் துணியோடு வந்து பார்த்தாள். உள்ளங்கால்கள் சுத்தமாக இருந்தன. மறுநாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. பூட்ஸ் கிழிந்திருக்கலாம் என்று தேற்றிக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு என்னவோ ஏதோ என்ற பயம் போகவில்லை. கடைசியில் கேட்டே விட்டாள்.

“ஏன் கண்ணு, அங்க இப்ப யாரும் நடக்கறதில்லையா?”

ஒன்பது வயது ஓவியா சீரியல் கிண்ணத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: “ஷூ இருக்கு மா. பட் கால் ஜஸ்ட் தொங்குது. யாரோ கேரி பண்றாங்க. அப்புறம் வேற யாரோ. ஆள் மாறிட்டே இருக்காங்க.” பஸ் ஹாரன் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

புஷ்பவல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்படிப்பட்ட காலுக்காக அச்செடுத்துச் செய்தார்களோ, சுற்றிச் சுற்றி அப்படிப்பட்ட ஒரு காலுக்கே பூட்ஸ் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த மேட்டில் இப்போது நடக்காத ஒரு குழந்தை இருக்கிறது. அதற்கும் ஓர் அம்மா இருப்பாள். டாக்டர் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார்.

அடுத்த நாள் விடியுமுன் அவள் எழுந்தாள். வெள்ளியங்கிரி தூங்கிக்கொண்டிருந்தான். குளித்து, விளக்கேற்றி, தேங்காயெண்ணெயைச் சுடவைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஓவியாவின் அறைக்குப் போனாள். போர்வையைக் கால்மாட்டில் மட்டும் விலக்கினாள். எந்தக் குறையும் இல்லாத, ஓடி விளையாடிச் சிராய்த்த, நீண்டு வளர்ந்த இரண்டு கால்கள். அவற்றில் ஒன்றை எடுத்துத் தன் மடியில் வைத்து எண்ணெய் தடவி, முழங்காலை மடக்கினாள், நீட்டினாள். கணுக்காலைச் சுழற்றினாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். கை எதையும் மறந்திருக்கவில்லை. ஓவியா விழிக்கவில்லை. அது முடிந்ததும் மற்றக் காலை எடுத்தாள். மறுநாளும் செய்தாள். கோடை விடுமுறையிலும், காய்ச்சலாய்க் கிடந்த நாட்களிலும் செய்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு தெரியாமல் துடைத்துவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் சமையலறைக்குத் திரும்பிவிடுவாள்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, வழக்கம்போலப் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, “தள்ளு கண்ணு” என்றாள் மெதுவாக. ஓவியா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்; மூச்சு சீராக இருந்தது. உள்ளங்கையில் ஏதோ அழுத்தியது. ஓவியாவின் பலம் புஷ்பவல்லிக்குத் தெரியும். அந்தக் கால் உதைத்தால் கட்டில் நகரும். இது அதுவல்ல. மிகச் சிறிய, பழக்கமில்லாத, பயந்து பயந்து முதல்முறையாகத் தள்ளிப் பார்க்கிற பாதம்.

“அப்படித்தான்” என்றாள் புஷ்பவல்லி. “இன்னொருக்கா.”

இன்னொரு முறையும் தள்ளியது. அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மதியச் சாப்பாடு கட்டுவதற்கு அரிசி களையப் போனாள்.