ராணி நின்றுகொண்டே கேட்டாள்

"ஏட்டி பியூலா, ராஜாகிட்ட இப்படியா பேசுவாக?" என்று கேட்டார் வைகுண்டராஜ் அண்ணாச்சி.

வாரத்தில் ஆறு நாள் அவர் ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசர். ஏழாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தை நடத்துபவர். அவர் கையில் இருந்தது என் நோட்டு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபின் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து ஒளித்து, வேதக் கதைகளை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதிய நோட்டுகளில் நாலாவது. நான் கொடுக்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் கிருபாபாய் அக்கா, வேதம் இப்போதுதான் புரிகிறது என்று சந்தோஷத்தில் அவரிடம் காட்டிவிட்டாள்.

அந்த நோட்டில், சாகக் கிடக்கும் கிழட்டு ராஜாவிடம் ராணி வருகிறாள். தன் மகனுக்குத் தருவதாக அவர் சத்தியம் செய்த பட்டத்தைக் கேட்கிறாள். வேதத்தில் அவள் தரையில் விழுந்து, ராஜா என்றென்றும் வாழ்க என்கிறாள். சாகப்போகிறவரிடம் எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் கேலி. பெரிய ஆளிடம் காரியம் கேட்கப் போகும் பெண்கள் வாசலில் நின்று, "நல்லாருக்கணும்" என்றுதான் தொடங்குவார்கள். பதில் வாங்காமல் நகரமாட்டார்கள்.

வீங்கிய காலோடு கிருபாபாய் அக்கா அண்ணாச்சியிடம் உட்கார ஸ்டூல் கேட்டதும் அப்படித்தான். ஈஸ்டருக்குள் தருகிறேன் என்றார். ஈஸ்டர் போய்விட்டது. ராணிக்கு நான் அக்காவின் வாயைக் கொடுத்திருந்தேன்.

மரியாதை இல்லை என்று ராணியின் பேச்சை அண்ணாச்சி சிவப்புப் பேனாவால் அடித்தார். மேலே, "உமது பாதத்தில் விழும் அடியாள்" என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் கிருபாபாய் அக்கா இதை வாசிப்பதாக இருந்தால்தான் நோட்டு கிடைக்கும் என்றார். தலையாட்டினேன். வாய் திறக்காத பெண் என்று நம்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறன்று வாசிக்க எழுந்த அக்கா பயந்துபோய்ச் சிவப்பு எழுத்தைத் தேடினாள். நோட்டை வாங்கிக்கொண்டேன். அடித்த கோட்டுக்கு அடியில் என் எழுத்து நன்றாகவே தெரிந்தது.

"அய்யா நல்லாருக்கணும். நீங்க உங்க வாயால சொன்னீக. இப்ப மறந்துட்டா, நாளைக்கு என்னையும் எம் மவனையும் குத்தவாளின்னு நிப்பாட்டுவாக. ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கேன்."

அண்ணாச்சி நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். முதலிலிருந்து மறுபடி வாசித்தேன், இன்னும் சத்தமாக.

"நானும் இப்படித்தான் அண்ணாச்சி கேட்டேன்" என்றாள் கிருபாபாய் அக்கா. அவள் தரையைப் பார்க்கவில்லை.

கூட்டத்துக்கு வந்திருந்த கம்பெனிப் பெண்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முடிவு ஜெபம்கூடச் செய்யாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.