சாட்சி மணல்

எந்த வருடம் என்பது சரியாக நினைவில்லை. பேட்டரி ஆலை மூடி எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்பதையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆலை இருந்த அந்த மனையில் தோண்டிய மண்ணெல்லாம் சுத்தமாக இருக்க, சும்மா கூடப் போன மணல் மட்டும் ஈயம் ஏறி நஞ்சாகத் திரும்பியது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மண்ணெடுப்பவன் வாய் திறவாத ஆள். மனையில் கயிறு கட்டிக் கட்டம் பிரிப்பான். கட்டத்துக்கு ஒரு குழி. குழிக்குக் குழி கையுறையை மாற்றி, துளைக்கும் கம்பியைக் கழுவுவான். கூடவே சுத்தமான மணல் நிரப்பிய ஜாடி ஒன்றும் போகும். வேலை முடியும்வரை அங்கே திறந்திருந்துவிட்டு, மற்ற ஜாடிகளோடு ஆய்வுக்கூடத்துக்கு வரும். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சியில் அழுக்குப் பட்டால், எடுத்தவன் கை சுத்தமில்லை என்று அத்தனை ஜாடிகளையும் தள்ளிவிடுவார்கள்.

இந்த மனை அவனுடைய அக்காவுடையது. மலிவாகக் கிடைத்ததென்று அக்காவின் வீட்டுக்காரரான மாமா வாங்கி, இருந்ததையெல்லாம் போட்டு வீட்டைக் கூரைவரை எழுப்பிவிட்டார். மண் சான்றிதழ் இல்லாமல் குடிபோக முடியாது. வாடகை அறையில், கட்டிவைத்த பாத்திர மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்து இருவரும் காத்திருந்தார்கள்.

"ஜாடிச் சீட்டை மாத்தி ஒட்டிட்டீங்களா தம்பி?" என்றார் முதல் முடிவைப் பார்த்த ஆய்வுக்கூடத்து அம்மா.

"இல்லம்மா."

"அப்போ மண்ணு பச்சக் குழந்த, மணலுதான் திருடனா?"

திரும்ப எடுத்தான். திரும்பவும் அப்படியே. அடுத்த முறை அந்த அம்மா சிரிக்கவில்லை.

பொறுமை இழந்த மாமா தானே உடன் வந்தார். வந்தவர் ஆலை முதலாளியைத் திட்டினார், கொத்தனாரைத் திட்டினார், மச்சான் கம்பி பிடிக்கிற லட்சணத்தைத் திட்டினார், சாயங்காலம்வரை ஓயவில்லை. அன்று சாட்சி பளிச்சென்று திரும்பியது. மண் முழுக்க ஈயம். முதன்முறையாகச் செல்லுபடியாகும் அறிக்கை கிடைத்தது. அதன்படி வீட்டை இடிக்க வேண்டியதுதான்.

அக்காவுக்குத்தான் விஷயம் புரிந்தது. "இவன் இருந்தா அங்க சத்தமே இருக்காது. ஆளில்லன்னு நினைச்சு அந்த ஈயம் மேல வந்து ஜாடிக்குள்ள உக்காந்துக்குது. உங்க வாயக் கேட்டா அடியிலயே பதுங்கிக்குது. ஜாடிக்குப் பதிலா பீப்பாய வெச்சுத் தொலையேண்டா."

மண்ணெடுப்பவன் வெகுநேரம் யோசித்தான். தப்பு எதுவும் தென்படவில்லை. மனை நெடுக மணல் பீப்பாய்களை வைத்து மூடிகளைத் திறந்தான். மூவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மாமாவை வாடகை அறையிலேயே விட்டுவரத்தான் பார்த்தார்கள். "என் மனை, நான் இல்லாமலா?" என்று அடம்பிடித்து வந்துவிட்டார். அவன் எப்போதும் போல இருந்தான். அவருக்கு முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது. உச்சிவெயிலில் பீப்பாய்கள் ஒவ்வொன்றாகக் கனம் தாங்காமல் தரையில் அழுந்தத் தொடங்கின. அதைக் கண்டு மாமா வாயைத் திறந்தார். அக்கா முந்தானையை உருட்டி அதில் திணித்தாள்.

மூடிகளை இறுக்கிய பிறகுதான் முந்தானை வெளியே வந்தது. மாமா பேசத் தொடங்கினார்; அந்தப் பேச்சுக்கிடையிலேயே மண்ணெடுத்தார்கள். மண் சுத்தம், சாட்சியும் சுத்தம்.

இப்போது அக்கா அந்த வீட்டில் இருக்கிறாள். பின்பக்கம் கீரை போட்டிருக்கிறாள். பீப்பாய்கள் பூட்டிய கிடங்கில் இருக்கின்றன. சீட்டை மாற்ற விதியில் இடமில்லாததால் மேலே 'சுத்தமான மணல்' என்றே எழுதியிருக்கிறது. ஆய்வுக்கூடத்து அம்மா ஓய்வுபெற்றுவிட்டார். கெட்டுப்போன மனைகளுக்கு இன்று மச்சானும் மாமாவும் சேர்ந்தே போகிறார்கள். முதல் நாள் மாமா பேசுவார், நஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கும், அளந்துகொள்வார்கள். மறுநாள் மச்சான் சும்மா உட்கார்ந்திருப்பான். இருவருக்கும் ஒரே சம்பளம். அது மட்டும் மாமாவுக்குக் குறைதான்.