செயின் வந்து நின்ற சுவர்

"பிடிங்க! யாராவது பிடிங்க! அது சர்க்கார் மேப்பு!"

தேவபிரசாதம் மணல்மேட்டிலிருந்து தலைகுப்புற விழாத குறையாக ஓடிவந்தார். ஒரு செருப்பு மேட்டு உச்சியிலேயே புதைந்துபோயிற்று. மேப்போ ஆடிக்காற்றில் எம்பி எம்பிக் கடலைப் பார்த்துப் பறந்தது. இன்னும் நூறு கெஜம் போனால் தண்ணீர்.

எதிரே வந்த செல்லக்கனி தலையிலிருந்த ஓலைப்பெட்டியை இறக்கி, உள்ளிருந்ததை மணலில் கொட்டிவிட்டு, பெட்டியை மேப்பின்மேல் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள்.

"கோழியைக் கவுத்த மாதிரி கவுத்தாச்சு. மெள்ள வாங்கய்யா, இனி எங்கயும் போவாது."

"அக்கா, ஒரு கல் இருந்தா குடுங்க. மேலே வைக்கணும்."

"கல்லுக்கு நான் எங்க போவேன்? எங்க கள்ளித்தேரியில மணலைத் தோண்டினா அடியிலயும் மணலுதான். இங்கன கெடக்க அம்மி, உரலு பூராவும் பொண்ணு வந்த வண்டியில சீதனமா வந்தது." கொட்டிக் கிடந்ததிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து நீட்டினாள். "இதை வையுங்க. எறும்பு மொய்ச்சா என்னைக் கேக்கப்பிடாது."

எறும்பு மொய்த்தது. அது தேவபிரசாதத்தின் கவலைகளில் மிகச் சிறியது.

நாசரேத்துக்காரர் அவர், தற்காலிக சர்வேயர். எழுபது வருஷத்துக்கு முன் யாரோ ஒரு வெள்ளைக்கார சர்வேயர் இந்தக் கரையில் ஓர் அளவுக் கல் நட்டிருந்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், தட்டையான முகம். முகத்தில் ஒரு வட்டம், வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. தேரி மணல் வருஷா வருஷம் இடம் மாறுகிற ஊரில் அந்தக் கல் எங்கே புதைந்ததோ! அதைத் தேடி அவருக்கு முன்னால் வந்த இருவர் வெறுங்கையோடு திரும்பி, வேலையையும் தொலைத்தார்கள். 1946 ஆடி மாதம் மூன்றாவது ஆளாக இவர் வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் வருகிறார். கல் கிடைத்தால் உத்தியோகம் நிரந்தரம். இல்லாவிட்டால் மாமனாரின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டவேண்டியதுதான்.

தங்க ஒரு கருப்பட்டிக் கொட்டகை கிடைத்தது. சாப்பாடு செல்லக்கனி வீட்டில்.

செவ்வாய்க்கிழமை அவள் புருஷன் மந்திரமூர்த்தி முகம் மாறாமல் சொன்னார்: "தாழங்காட்டுக்கு அங்கன ஒரு கல்லு உண்டும்னு எங்க தாத்தா சொல்லுவாரு."

இரண்டு மைல் போக, இரண்டு மைல் வர, சுடுமணல். அங்கே இருந்தது ஒரு நண்டு.

"வெறுங்கையோடயா வந்தீய?" என்றாள் செல்லக்கனி. "நண்டையாவது புடிச்சாந்தா குழம்பு வச்சிருப்பேன்லா."

புதன்கிழமை தேவபிரசாதம் யாரையும் நம்பவில்லை, கணக்கை நம்பினார். ரோட்டோரத்து சர்வே கல்லிலிருந்து மேப்பில் குறித்திருந்த தூரத்துக்குச் செயின், அதாவது அளவுச் சங்கிலி, போட்டார். மறுமுனையைப் பிடித்தவர் மந்திரமூர்த்தி. மேடு ஏறி, பள்ளம் இறங்கி, கடைசிச் செயின் வந்து நின்ற இடம் செல்லக்கனி வீட்டு அடுப்பங்கரையின் பின்சுவர்.

"மணல் மேட்டுல செயின் தொய்யுது அண்ணாச்சி. திரும்ப அளப்போம்."

திரும்ப அளந்தார்கள். பின்சுவர். மூன்றாம் முறை, பல்லைக் கடித்துக்கொண்டு. பின்சுவரேதான்.

தண்ணீர்க் குடத்தோடு போன அடுத்த வீட்டுச் சண்முகத்தாய் நின்று பார்த்தாள். "ஏளா செல்லக்கனி! ஒன் மீன்குழம்பு வாசத்துக்குச் சர்க்கார் செயினும்லா வருது!"

ஊரே சிரித்தது. மந்திரமூர்த்தி மட்டும் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். செயினைத் திட்டிக்கொண்டே சுருட்டிய தேவபிரசாதம் அதைக் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. கல்லே இல்லாத ஊரில் தட்டையான கல்லை யார் விட்டுவைப்பார்கள்? வீடு வீடாகப் போய் அம்மிகளைப் புரட்டினார்.

"நல்லாப் பாருங்க," என்றாள் சண்முகத்தாய். "எங்கப்பா குலசேகரன்பட்டணத்துல கொத்த வச்சு வாங்கினது. அதுல வட்டம் இருந்தா அவரு மொட்டையை நெனைச்சுக் கொத்தினதாத்தான் இருக்கும்."

பதினோரு வீடு, பதினோரு அம்மி, பதினோரு அப்பன்மாரின் பெருமை. வட்டம் மட்டும் இல்லை. செல்லக்கனி வீட்டில் மட்டும் அவர் கேட்கவில்லை. மூன்று நாள் உப்புத் தின்ற வீட்டை எப்படிச் சந்தேகப்படுவது?

மத்தியானம் இலை முன்னால் உட்கார்ந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. "அக்கா, நாளைக்கு சூப்பர்வைசர் வாரார். இனி எனக்குப் பஞ்சர்தான்."

செல்லக்கனியின் அகப்பை பாதியில் நின்றது. "அந்தக் கல்லு கெடைச்சா வண்டியில ஏத்திட்டுப் போயிருவீயளோ?"

"ஏத்துறதா? ஒரு விரக்கடை நகந்தாலும் அது செத்த கல்லு, அக்கா. நட்ட எடத்திலயே இருந்தாத்தான் எனக்கு வேலை. அதுமேல கருவியை நிறுத்தி ஒரு மணிநேரம் பாப்பேன். அம்புட்டுதான்."

"வேற ஒண்ணையும் இடிக்க மாட்டீயளே?" என்றார் மந்திரமூர்த்தி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தேவபிரசாதம் நிமிர்ந்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சோத்துக் கையோடயே வாங்க," என்றாள் செல்லக்கனி.

அடுப்பங்கரையில், பின்சுவரை ஒட்டி, தரையோடு தரையாக அம்மி. காலையில் அரைத்த மிளகாய் இன்னும் காயவில்லை. குழவியை உருட்டி ஓரத்தில் வைத்தாள். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி உள்ளங்கையால் வழித்தாள். சிவப்பு ஓடிற்று. மஞ்சள் ஏறிய ஒரு வட்டம் தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளி.

தேவபிரசாதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் வந்த வேகத்தில் பயமும் வந்தது.

"இதை... எங்கேருந்து தூக்கிட்டு வந்தீங்க?"

செல்லக்கனி முந்தானையில் கையைத் துடைத்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் கேலி இல்லை.

"இந்த ஊருக்கு அம்மி இல்லாம வந்த மருமவ நான் ஒருத்திதான்யா. எங்கப்பனுக்கு வக்கில்ல. பொறத்தால குடிசையில சமைச்சுக்கிட்டு இருந்தோம். ஒரு ஆடிக்காத்துல மணலு வெலகி, இது மொகத்தைக் காட்டிச்சு. இவிய கடப்பாரை போட்டு நெம்பிப் பாத்தாவ. ஒரு நூலு அசையல." அவள் சுவரைத் தட்டிக்காட்டினாள். "அப்புறம் என்ன செய்ய? கல்லு வரலைன்னு அடுப்பங்கரையைக் கல்லுக்கிட்ட கொண்டாந்து கட்டிட்டோம்."