கப்பல் பாட்டும் ஐந்து மணி பஸ்ஸும்

நாகலூர்க்காரர்களிடம் எந்தப் படத்தின் கதையை வேண்டுமானாலும் கேட்கலாம். முடிவை மட்டும் கேட்கக் கூடாது. சேலத்தில் மத்தியானக் காட்சிக்குப் போனவர்கள் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஏற்காட்டில் நாகலூர் பஸ் கிடைக்கும். அதனால் கதாநாயகனைத் தூணில் கட்டிப்போடுகிற இடத்தில் எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, பக்கத்துச் சீட்டுக்காரர் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். மிச்சக் கதையைப் பஸ்ஸில் ஆளாளுக்குச் சேர்ந்து முடித்துவைப்பார்கள். கண்டக்டரும் தன் பங்குக்கு நாலு வார்த்தை போடுவார். இருபதாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் வில்லன் செத்து, கல்யாணமும் நடந்து முடிந்திருக்கும். இரண்டு தலைமுறை இப்படியே வளர்ந்துவிட்டது. யாருக்கும் ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

ஆன்மேரி ஒருத்தியைத் தவிர. சின்ன வயதில் ஒவ்வொரு தடவையும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வருவது அக்கா பிரிஸ்கில்லாவின் வேலை. மூத்தவள் என்றால் சும்மாவா? இழுப்பதும் அதட்டுவதும் அவளுக்குக் கைவந்த கலையாக இருந்தது. பிற்பாடு அதே சாமர்த்தியம்தான் அவளைக் குப்புறத் தள்ளியது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மாதா கோயில் திருவிழா. பாடகர் குழு நிற்கும் மேல்மாடத்தில் ஒரே மைக்கின் முன்னால் அக்காவும் தங்கையும் நின்று பாடினார்கள். பாட்டின் நடுவில் ஒரு குரல் விலகியது. முடிந்ததும் பிரிஸ்கில்லா, இருபது பேர் காதுபட, "மேரி, உனக்குச் சுருதி போயிருச்சு. மைக்கை உட்டுத் தள்ளி நில்லு" என்றாள். இருபத்தைந்து வருஷமாக டீச்சர் வேலை பார்த்த வாய், பட்டென்று வந்துவிட்டது. ஆன்மேரி அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். மரப்படியில் இறங்கிப் போய்விட்டாள். அந்த வருஷமே வீட்டுக்காரரோடு சேலத்துக்குக் குடிபோனாள். அதற்கப்புறம் சாவுக்கு வந்தாள், கல்யாணத்துக்கு வந்தாள், எல்லோரிடமும் வாய் நிறையப் பேசினாள். அக்காவிடம் மட்டும் ஒரு சொல் கிடையாது. பாட்டையும் அத்தோடு விட்டுவிட்டதாகக் கேள்வி.

போன மாதம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் எந்தப் புண்ணியவானோ அந்தத் திருவிழா வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டான். பிரிஸ்கில்லா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். விலகியது ஆன்மேரியின் குரல் இல்லை. சத்தியமாக இல்லை. அது பிரிஸ்கில்லாவின் குரல். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அது போதாதென்று தொண்டையில் ஒரு தைராய்டு கட்டி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். "குரல் நரம்பு பக்கத்துல இருக்குதுங்கம்மா. நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் டாக்டர். அவர் சொன்னது தொண்ணூற்றைந்து. இவள் காதில் விழுந்தது ஐந்து. செவ்வாய்க்கிழமைக்குள் தங்கையிடம் 'சுருதி விட்டது நான்தான்' என்று சொல்லிவிட வேண்டும். எழுதிக் கொடுக்கிற விஷயமா இது? போனில் சொல்கிற விஷயமா? ஊரார் முன்னால் சொன்ன வாய், நேரில் நின்று, இருக்கிற குரலில்தான் சொல்ல வேண்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஜோஸ்வாதான் வழி கண்டுபிடித்தான். "அம்மா, உங்க கப்பல் பாட்டுக்காரங்க முப்பது வருஷம் கழிச்சு ஒண்ணாச் சேர்ந்து கச்சேரி பண்ணியிருக்காங்க. அதைப் படமாப் புடிச்சு தியேட்டர்ல போடறாங்க. சேலத்துல சனிக்கிழமை மத்தியானம், ஒரே ஒரு ஷோ." இரண்டு டிக்கெட் எடுத்து, ஒன்றை அம்மாவுக்கும் ஒன்றைச் சித்திக்கும் அனுப்பினான். சித்தியிடமிருந்து பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது. அதை அவன் அம்மாவுக்கு அனுப்பிவைத்தான். பதினோரு வருஷம் கழித்து ஒரு கட்டைவிரல்! பிரிஸ்கில்லா நாள் முழுக்க அதைத் திறந்து திறந்து பார்த்தாள்.

கப்பல் பாட்டு என்பது இவர்கள் வைத்த பெயர். அப்பா ஜேசுதாஸ் எஸ்டேட் ஜீப் டிரைவர். மேனேஜர் மகன் ஜீப்பில் மறந்துவிட்டுப் போன கேசட் ஒன்று அவர் கைக்கு வந்தது. அட்டை இல்லை, படம் இல்லை. 'ஸ்லேட் ஹார்பர்' என்று பேனாவில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். வெள்ளைக்கார ராக் கோஷ்டி என்பதே பிற்பாடுதான் தெரியும். ஜீப்பிலிருந்த டேப்பில் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோய், எதைப் போட்டாலும் மெதுவாக, அடிக்குரலில் ஓடும். பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று அக்காவும் தங்கையும் நினைத்துக்கொண்டார்கள். மழை பெய்கிற நாட்களில் காப்பிக் குடோனில் நிற்கும் ஜீப்புக்குள் உட்கார்ந்து, புரியாத ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, கடைசிப் பாட்டை மனப்பாடம் செய்தார்கள். துறைமுகத்தில் யாரோ ஒரு கப்பலுக்குக் காத்திருக்கிற பாட்டு. அக்கா மேல் குரல், தங்கை கீழ்க் குரல். வெளியே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கும். அந்தப் பனிக்குள்தான் பாடுகிறவர்கள் நிற்கிறார்கள் என்று பிரிஸ்கில்லா வெகுநாள் நம்பியிருந்தாள்.

சில வருஷம் முன்பு ஜோஸ்வா அந்தப் பாட்டை போனில் தேடிப் போட்டான். ஐயோ, என்ன வேகம்! கீச்சுக் குரலில், யாரோ துரத்துகிற மாதிரி ஓடியது. "இது வேற யாரோ, கண்ணு. நிறுத்து" என்றுவிட்டாள். அவன் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை தியேட்டர் வாசலில் ஆன்மேரி முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் லேசாகத் தலையசைத்தாள். செக்யூரிட்டி பிரிஸ்கில்லாவின் பையைத் துழாவினான். ஒரு ஸ்வெட்டர், மூன்று ஆரஞ்சு.

"வெளிச்சாப்பாடு உள்ள கொண்டு போகக் கூடாதுங்கம்மா. அந்தக் கூடையில போட்டுருங்க."

"எங்க ஊட்டு மரத்துக் காயிங்க தம்பி. கூடையில போடறதுக்கா மலையிலிருந்து கொண்டாந்தேன்?"

அவன் முழித்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சட்டென்று ஆன்மேரி கையை நீட்டி ஒரு பழத்தை எடுத்து, அங்கேயே உரிக்க ஆரம்பித்தாள். பிரிஸ்கில்லாவும் ஒன்றை உரித்தாள். மூன்றாவதைச் செக்யூரிட்டி கையில் வைத்தாள். இரண்டு கிழவிகளும் வாசலை மறித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், கொட்டையைக் கையில் துப்பித் துப்பித் தின்று முடித்தார்கள்.

உள்ளே முப்பது பேர்கூட இல்லை. விளக்கு அணைந்தது. திரையில் வெண்புகை எழுந்து மெல்ல மேடையை மூடியது. ஏ.சி. குளிர் கணுக்காலைத் தொட்டபோது பிரிஸ்கில்லாவுக்கு இருப்பது சேலம் என்பதே மறந்துபோயிற்று. குடோன் வாசனை வருகிறாற்போல் இருந்தது. புகைக்குள் நெட்டையாக நாலு உருவங்கள், மரம் போல அசையாமல். இதோ வந்துவிட்டார்கள் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாற்பத்தைந்து வருஷம் முகம் தெரியாமல் பழகியவர்கள்.

புகை விலகியது. அட கடவுளே, நாலும் கிழடு! பாடுகிறவருக்குத் தாடை தொங்கியிருந்தது. கிட்டார்க்காரர் முட்டியில் பட்டை கட்டியிருந்தார். டிரம்ஸ் வாசிப்பவர் நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கிழவியானது சரி, நீங்கள் ஏனப்பா ஆனீர்கள்?

பாட்டுக்கு நடுநடுவே அவர்கள் பேசினார்கள். முப்பது வருஷம் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்கவில்லையாம். ஏன் பிரிந்தார்கள் என்று விலாவாரியாகச் சொன்னார்கள். எப்படி ராசியானார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தானே இவள் மலையிறங்கி வந்திருக்கிறாள்? எரிச்சலாக வந்தது.

மேரி, சுருதி விட்டது நான்தான். நாலே சொல். பாட்டு ஓயும் என்று காத்திருப்பாள், வாயைத் திறப்பாள், அந்தத் தலையணைக்காரர் டமாரென்று அடுத்ததை ஆரம்பித்துவிடுவார். இடைவேளையில் சொல்லலாம் என்றால் ஆன்மேரி எழுந்து போய், மணி அடித்த பிறகுதான் வந்தாள். குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சேலத்து வெயிலில் கிடந்த உடம்பு, நடுங்கியது. பிரிஸ்கில்லா ஸ்வெட்டரை எடுத்து அவள் மடியில் வைத்தாள். அவள் மறுக்காமல் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் எவ்வளவு நேரம் போயிற்றோ. பாட்டுகள் வந்தன, போயின. திரையில் வெளிச்சம் நீலமாகி, மஞ்சளாகி, மறுபடி நீலமாகியது. பாதித் தூக்கம் போன்ற ஒரு சுகத்தில் பிரிஸ்கில்லா மிதந்துகொண்டிருந்தபோது நாலு பேரும் கும்பிடு போடுவதுபோல் குனிந்தார்கள். திரையில் கூட்டம் கத்தியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணி நாலே முக்கால்!

கால் தானாக எழுந்துவிட்டது. எழுந்ததோடு நின்றதா? கை தானாக நீண்டு, பக்கத்தில் இருந்த கையைப் பிடித்து இழுத்தது. அறுபது வயதுக்காரி, ஐம்பத்தாறு வயதுக்காரியை, ஐந்து மணி பஸ்ஸுக்கு.

இழுத்த கை நகரவில்லை. பதிலுக்கு இவளைத்தான் கீழே இழுத்தது.

"உட்காருக்கா. இன்னிக்காச்சும் முடிவைப் பாக்க உடு."

அக்கா! பிரிஸ்கில்லா பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டித் திரை கலங்கியது. அந்தக் கலங்கலுக்குள் நாலு பேரும் மேடைக்குத் திரும்பி வந்தார்கள். பாடுகிறவர் மைக்கைப் பிடித்து, இப்போதெல்லாம் தங்களால் அந்தக் காலத்துச் சுருதியில் பாட முடிவதில்லை, அந்த வேகமும் இல்லை, குறைத்துத்தான் பாடுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். கிட்டார் தொடங்கியது.

கப்பல் பாட்டு. அதே மெதுவோட்டம். அதே அடிக்குரல். தளர்ந்த பெல்ட்டில் ஓடிய அதே பாட்டு, ஒரு இம்மி பிசகாமல். ஜீப்புக்குள் உட்கார்ந்து இரண்டு சிறுமிகள் கற்ற சுருதிக்கு அந்த நாலு கிழவர்களும் நாற்பத்தைந்து வருஷம் நடந்து வந்து சேர்ந்திருந்தார்கள்.

தங்கையின் விரல்கள் இறுகின. "அக்கா, இது நம்ம பாட்டு" என்றாள்.

பிரிஸ்கில்லாவுக்கு வாய் திறந்துகொண்டது. மேல் குரல் சன்னமாக வந்தது. பக்கத்திலிருந்து, பதினோரு வருஷம் பூட்டிவைத்த கீழ்க் குரல், முதலில் முனகலாக, பிறகு முழுசாக. முன் வரிசைக்காரன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். பனி இறங்கியது, மழை குடோன் தகரத்தில் கொட்டியது, துறைமுகத்தில் யாரோ இன்னும் காத்திருந்தார்கள். உச்சியில் பிரிஸ்கில்லாவின் குரல் உடைந்து விலகியது. நன்றாகவே விலகியது. ஆன்மேரி நிறுத்தவில்லை, பாடி முடித்தாள்.

விளக்கு வந்தது. திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. மற்றவர்கள் எழுந்து போனார்கள்.

"மேரி, அன்னிக்குச் சுருதி உட்டது நான்தான். அந்த வீடியோவக் கேட்டேன். நீயில்ல, நான்தான்."

ஆன்மேரி ஓடுகிற பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா! அப்பறம் ஏன்டி சொல்லல?"

"இருபது பேர் முன்னால சொல்லியிருந்தா நீ அத்தோட பாட்டை உட்டிருப்ப. நான் உட்டாப் பரவால்ல, கீழ்க் குரல்தான. உன்னால பாடாம இருக்க முடியுமாக்கா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதுக்காகக் கோவமில்லைன்னு நெனைச்சுக்காத. நொம்பக் கோவம். இப்பவும் இருக்குது."

பிரிஸ்கில்லா அழுதாள். துடைப்பத்தோடு வந்த பெண் இவர்களைப் பார்த்துவிட்டு, பின் வரிசையிலிருந்து கூட்டத் தொடங்கினாள்.

"பஸ் போயிருக்கும்" என்றாள் பிரிஸ்கில்லா கடைசியில்.

"போகட்டும். நம்ம ஊடு இருக்குதுல்ல? செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் கூட வர்றேன். ஜோஸ்வா எல்லாஞ் சொன்னான்."

"குரல் வரலீன்னா என்ன பண்றது, மேரி?"

ஆன்மேரி ஸ்வெட்டரின் கடைசிப் பித்தானையும் போட்டுக்கொண்டாள்.

"இனி மேல் குரல் நான் பாடறேன். நீ பக்கத்துல நின்னு வாயை அசைச்சாப் போதும். தள்ளி மட்டும் நிக்காத."

திரையில் கடைசிப் பெயரும் மேலே போய் மறைந்தது. இரண்டு பேரும் அதுவரை உட்கார்ந்திருந்தார்கள்.